முதல் தெலுகோங்கை நாமே தைப்போம்

என் உம்மா ஊரில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தித் தொழுதவர். சிங்கப்பூருக்கு வந்த பிறகு மலாய்த் தோழிகளைப் பார்த்து, பெண்கள் தொழும்போது அணியும் தெலுகோங்குக்கு மாறினார். தலையிலிருந்து முழங்கால்வரை ஒரு போர்வை, கீழே ஒரு பாவாடை, அவ்வளவுதான். மெஷினில் நேர்க்கோடு ஓட்டத் தெரிந்தால் நீங்களும் தைக்கலாம்.

துணியில் அவசரம் வேண்டாம். அரபு ஸ்திரீட்டிலோ ஜூ சியாட் காம்ப்ளெக்ஸிலோ 150 செ.மீ. அகலத் துணியில் மூன்றரை மீட்டர் வாங்குங்கள். இங்குள்ள புழுக்கத்துக்குப் பருத்தி நல்லது. ரேயான் அழகாக விழும், ஆனால் வெட்டும்போது நழுவும். கடை வாசல் வெளிச்சத்தில் துணிக்குப் பின்னால் கையை விரித்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் தலைமுடியும் தெரியும், வேண்டாம் என்று திரும்ப வைத்துவிடுங்கள். வெள்ளைதான் வேண்டும் என்று மார்க்கத்தில் விதி இல்லை. நான் சாம்பல் நிறம் எடுப்பேன்.

துணியைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பிறகு 2.4 மீட்டர் வெட்டி, நீளம் பாதியாகும்படி மடியுங்கள். மடிப்பும் துணியின் கரையும் சேரும் மூலைதான் நெற்றி. அதிலிருந்து டேப்பால் 110 செ.மீ. அளந்து, வில்போல வரைந்து வெட்டுங்கள். விரித்தால் அரைவட்டம் வரும்.

இனி முகத்திறப்பு. நெற்றியிலிருந்து தாடைக்கு அடியில் சுற்றி அளந்து, அதில் பாதியைவிட ஒரு செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். 54 வந்தால் 26. துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, நெற்றி மூலையிலிருந்து 26 செ.மீ. விட்டு, மீதிக் கரையைக் கீழ்வரை சேர்த்துத் தையுங்கள். என் முதல் உடையில் திறப்பைத் தாராளமாக விட்டுவிட்டேன். நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு சஜ்தாவிலும் முன்முடி வெளியே வந்தது, மனம் தொழுகையில் நிற்கவில்லை. திறப்பின் ஓரத்தை மடித்துத் தைத்து, கன்னப்பொட்டுப் பக்கம் இரண்டிலும் உட்புறம் ஒவ்வொரு நாடா வையுங்கள். அவற்றைப் பின்தலையில் கட்டிக்கொள்ளலாம்.

வளைந்த ஓரத்தை உடனே மடிக்காதீர்கள். குறுக்கு இழையில் வெட்டிய இடம் தொங்கித் தொங்கி நீளும். ஓர் இரவு ஹேங்கரில் விட்டு, சமமாகக் கத்தரித்து, அரை செ.மீ. வீதம் இரண்டு மடிப்பாகத் தையுங்கள்.

மீதி 1.1 மீட்டரில் பாவாடை. இரண்டு பக்கத்தையும் இணைத்து, மேலே 3 செ.மீ. மடித்து எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) பாதமும் மறைய வேண்டும் என்பதால் நீளத்தைக் குறைக்காதீர்கள். கீழ் ஓரத்துக்கு முதலில் கையால் நீளத் தையல் மட்டும் போட்டு, அணிந்து இரண்டு ரக்அத் தொழுது பாருங்கள். ருகூவில் குனியும்போது கழுத்து தெரிகிறதா? சஜ்தாவிலிருந்து எழும்போது முழங்கால் துணியை மிதித்து இடுப்பை இழுக்கிறதா? திருத்திய பிறகே மெஷின் தையல்.

வெட்டி மிஞ்சிய துணியில் ஒரு சுருக்குப் பை தைத்திருக்கிறேன். மதிய இடைவேளையில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1826இல் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் மக்கள் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலுக்கு லுஹர் தொழப் போகும்போது முழு உடையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.