சாயம் தெரியும், கலம் தெரியாது

மருதமுனையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் தொட்டியிலிருந்து எடுத்த நூலை அப்படியே தறிக்குக் கொண்டுபோவதில்லை. அலசும் தண்ணீர் தெளியவேண்டும். இல்லாவிட்டால் ஒட்டாத சாயம் பக்கத்து நூலில் ஏறிவிடும். உடலுக்குள் செலுத்திய சிகிச்சைக் கலங்களை (செல்களை) படத்தில் தேடும்போதும் சிக்கல் இதுதான். எம்.ஆர்.ஐயோ, கதிரைப் பிடிக்கும் காமா கமராவோ காட்டுவது நாம் ஏற்றிய சாயத்தை, அதாவது அடையாளப் பொருளை; கலத்தை அல்ல.

அதிகம் ஏமாற்றுவது இரும்பு. இரும்பு ஒட்சைட்டு நுண்துணிக்கை ஏற்றிய கலங்கள் எம்.ஆர்.ஐயில் கரும்புள்ளியாகத் தெரியும். மூன்று வாரம் கழித்தும் புள்ளி இருந்தால் "கலங்கள் உயிரோடு இருக்கின்றன" என்று எழுதிவிடுகிறார்கள். கலம் செத்தாலும் இரும்பு உடனே போகாது. கழிவை விழுங்கும் கலங்களான தின்குழியங்கள் அதை விழுங்கி, அதே இடத்தில் வைத்திருக்கும். ஊசி குத்திய இடத்தில் குருதி கசிந்தாலும் இதே கருமைதான். ஆகவே ஊசிக்கு முன் ஒரு படம் கட்டாயம். விலங்குப் பரிசோதனையில், சாயமேற்றிக் கொன்ற கலங்களைக் கொடுத்த ஒரு குழுவும் வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் குழுவைத்தான்.

புள்ளி மங்கினால் கலங்கள் அழிந்தன என்பதும் அவசர முடிவு. கலம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் சாயம் பாதியாகும். ஐந்து பிரிவில் ஒவ்வொரு கலத்திலும் மிஞ்சுவது 32இல் ஒரு பங்கு.

கதிர்த்தொழிற்பாட்டுச் சாயத்தில் பிழை வேறு. தெக்னீசியம்-99எம்மின் அரைவாழ்வு, அதாவது கதிர் பாதியாகக் குறையும் நேரம், 6 மணித்தியாலம், இந்தியம்-111இனது 2.8 நாள். அந்தத் தேய்வைக் கணக்கிட்டுத் திருத்தாமல் நேற்றைய எண்ணிக்கையோடு இன்றையதை ஒப்பிட்டால், சாகாத கலங்களும் செத்ததாகத் தெரியும். இந்தியத்தைக் கலத்துக்குள் கொண்டுபோகும் சேர்வையான இந்தியம்-ஒக்சினை ஏற்றுமுன் கலங்களிலிருந்து பிளாஸ்மாவை நீக்குங்கள்; பிளாஸ்மாவில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் இந்தியத்தைத் தட்டிப்பறித்துவிடும். ஏற்றியபின் கழுவுங்கள். ட்ரைபன் நீலத்தில் இறந்த கலங்கள் நீலமாகும்; அந்தச் சோதனையை உடனேயும், 24 மணித்தியாலம் கழித்தும் செய்யுங்கள். அளவுக்கு மிஞ்சிய இந்தியம் கலத்தையே கொல்லும், அதுவும் பெரும்பாலும் தாமதமாக.

நாளத்தில் செலுத்திய மீசன்கைமல் கலங்கள் (சிகிச்சைக்குப் பயன்படும் ஒருவகைக் குருத்துக் கலங்கள்) முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கும். முதல் மணித்தியாலப் படத்தை மட்டும் பார்த்து "நுரையீரலைத் தேடிப் போயின" என்பது, முகத்துவாரத்து வலையில் பட்ட மீன் அங்கே குடியிருக்க வந்தது என்பதுபோல. 24 மணித்தியாலத்திலும் மூன்றாம் நாளிலும் மறுபடி எடுங்கள்.

கல்முனையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முழங்காலில் கலங்களைச் செலுத்தும் ஊசிக்கு வெளிநாடு போகிறவரிடம், "கலங்கள் வேலை செய்கின்றன" என்று ஒரு எம்.ஆர்.ஐயை நீட்டினால், என்ன சாயம் ஏற்றினீர்கள் என்று அவர் கேட்கட்டும். எதுவும் ஏற்றவில்லை என்றால், அந்தப் படத்தில் குருத்தெலும்பும் நீரும் தெரியும். செலுத்திய கலம் ஒன்றுகூடத் தெரியாது.