ஜெர்மனியில் முதுகலை: பயன் எங்கே இருக்கிறது, அதைப் பெற எப்படித் தயாராவது

வெளிநாட்டில் படிப்பதால் என்ன பயன் என்று கேட்டால், நம் ஊரில் பெரும்பாலும் சம்பளத்தையும் அங்கேயே தங்கிவிடுவதையும் பற்றித்தான் பதில் வரும். அது பொய்யான பதில் அல்ல. ஆனால் அதை மட்டும் நம்பி விமானம் ஏறுபவர், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பட்டமும் கடனும் மட்டும் கையில் இருக்க, வேலை தேடி அலைய நேரலாம். பொறியியல் அல்லது அறிவியல் இளங்கலை முடித்துவிட்டு ஜெர்மனியில் முதுகலை படிக்க நினைக்கும் மாணவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கே எந்தப் பயனையும் யாரும் ஊட்டிவிடுவதில்லை. பாடங்களைத் தேர்ந்தெடுப்பது, தேர்வு எழுதுவது, வேலை பார்ப்பது, ஆய்வேடு எழுதுவது, மொழி கற்பது என்று ஒவ்வொன்றிலும் நாமே கைநீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கான ஆயத்தத்தை இங்கே மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் பணம்

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோவுக்குள் ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் செலுத்தினால் போதும். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ, ஹைடல்பெர்க் ஆகிய நகரங்கள் உள்ள பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து இத்தகைய மாணவர்களிடம் கட்டணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டது. முதுகலைக்கு அது செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகிறது. தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கு முற்றிலும் வேறு. சேர்க்கைக்கு ஆள் பிடித்துத் தரும் முகவர்களுக்குக் கமிஷன் தருபவை பெரும்பாலும் அவைதான் என்பதால், ஒரு கன்சல்டன்சி நம்மைத் தனியார் பல்கலைக்கழகத்தின் பக்கமே திரும்பத் திரும்பத் தள்ளினால், அந்த ஆலோசனை யாருடைய நன்மைக்கானது என்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதத் தவணையாக மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) போட்டுக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 12 லட்சம். இது கட்டணம் அல்ல என்பதைப் பல பெற்றோர் தெரிந்துகொள்வதில்லை. அது நம் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக நம் கைக்கே திரும்பி வருகிறது. அந்த 992 யூரோவுக்குள் வாடகை, சாப்பாடு, மாதம் 100 யூரோவுக்கு மேல் வரும் மருத்துவக் காப்பீடு எல்லாம் அடங்குமா என்பதை ஊர்தான் முடிவு செய்யும். மியூனிக்கில் அறை வாடகையே பெரும்பங்கை விழுங்கிவிடும். கிழக்கே கெம்னிட்ஸ், மக்டபுர்க், இல்மெனாவ் போன்ற ஊர்களில் அதே பணத்தில் மூச்சுவிட முடியும். பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாமதமாகத்தான் போடுகிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு வெளிநாட்டு உயர்கல்விக்கான அரசு உதவித்தொகைகள் உண்டு. வருமான வரம்பையும் விண்ணப்பக் காலத்தையும் வங்கிக் கடனுக்கு அலைவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பாடக் கையேடு என்ற புதையல்

அங்கே படிப்பதன் முதல் பெரும் பயன் என்று நான் கருதுவது, எதைப் படிப்பது என்பதை மாணவரே தீர்மானிக்கும் உரிமை. நம் கல்லூரிகளில் எலெக்டிவ் என்ற பெயர் இருக்கும். ஆனால் எந்த எலெக்டிவை வகுப்பு முழுவதும் எடுக்க வேண்டும் என்பதைத் துறையே முடிவு செய்துவிடும். ஜெர்மன் முதுகலையில் கட்டாயப் பாடங்கள் குறைவாகவும் விருப்பப் பாடங்கள் ஏராளமாகவும் இருப்பது வழக்கம். அவற்றையெல்லாம் விவரிக்கும் ஆவணத்துக்கு மோடூல்ஹான்ட்புக் என்று பெயர். பல்கலைக்கழக இணையதளத்தில் எவரும் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு பி.டி.எஃப். கோப்பு அது. ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பதைவிட இந்தக் கையேட்டை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படிப்பது அதிகம் பயன்தரும்.

அதில் ஒரு பக்கத்தைத் திறந்தால் இப்படி இருக்கும்: பாடத்தின் பெயர், 6 கிரெடிட், மொத்த உழைப்பு 180 மணி நேரம், அதில் வகுப்பறையில் 60, தானாகப் படிக்க 120, தேர்வு 90 நிமிட எழுத்துத் தேர்வா, 30 நிமிட வாய்மொழித் தேர்வா, பாடத்தை எடுக்க முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த மொழியில் நடக்கும். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. வகுப்பைப்போல் இரண்டு மடங்கு நேரம் நாமே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அந்தக் கையேடே எழுதிவைத்திருக்கிறது. வருகைப்பதிவு பெரும்பாலான வகுப்புகளில் கிடையாது என்ற மகிழ்ச்சியில் முதல் செமஸ்டரைக் கழித்தவர்களுக்கு இந்த 120 மணி நேரத்தின் பொருள் தேர்வு மாதத்தில்தான் புரியும். தேர்வு மொழி என்ற வரியையும் கூர்ந்து பார்க்க வேண்டும்: ஆங்கிலவழிப் படிப்பு என்று விளம்பரப்படுத்தப்பட்டதில் நாம் விரும்பும் பாடம் மட்டும் ஜெர்மனில் நடப்பது அரிதல்ல.

சேர்க்கையும் இதே கண்ணோடுதான் நடக்கிறது. நாம் இளங்கலையில் கணிதம் எத்தனை கிரெடிட், இயக்கவியல் எத்தனை கிரெடிட் படித்தோம் என்று பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு செமஸ்டரின் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலைப்போலவே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி விண்ணப்பத்தோடு அனுப்பும் எஸ்.ஓ.பி. கட்டுரையில் "சிறுவயது முதலே இயந்திரங்களின்மீது ஆர்வம்" என்று தொடங்குவதற்குப் பதிலாக, அந்தக் கையேட்டிலிருந்து இன்ன இரண்டு பாடங்கள் என் இறுதியாண்டு புராஜெக்ட்டின் இன்ன இடைவெளியை நிரப்பும் என்று எழுதினால், படிப்பவருக்கு நாம் விவரம் தெரிந்து விண்ணப்பிக்கிறோம் என்று விளங்கும்.

சி.ஜி.பி.ஏ.வை அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்

ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்த மதிப்பு, 4.0 கடைசித் தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் மதிப்பெண்ணை இதற்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது: உச்ச மதிப்பிலிருந்து நாம் பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3 ஆல் பெருக்கி, 1 ஐக் கூட்ட வேண்டும். 7.2 சி.ஜி.பி.ஏ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்றால் அவருக்கு 2.68 வரும், 4 என்றால் 2.4 வரும். பல படிப்புகள் 2.5 ஐ எல்லையாக வைத்திருப்பதால், ஒரே மதிப்பெண் பட்டியல் ஒரு கணக்கில் உள்ளே போகும், இன்னொரு கணக்கில் வெளியே நிற்கும். பல்கலைக்கழகத்தின் விதிமுறைப்படி குறைந்தபட்சத் தேர்ச்சி எது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடும் கடிதத்தைக் கல்லூரியிலிருந்து வாங்கிவைத்துக்கொள்ளாமல் விட்டு, மதிப்பீட்டாளரின் ஊகத்துக்கு நம் தலைவிதியை ஒப்படைப்பது வீண்.

இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாகியிருக்கிறது. கட்டணம் 18,000 ரூபாய். கூட்டம் மிகும் மாதங்களில் இது தாமதமாவதால், விண்ணப்பத்துக்கு வெகுமுன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். குளிர்காலச் செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், பல முதுகலைப் படிப்புகள் வெளிநாட்டு மாணவர்களுக்கு மே 31 அன்றோ அதற்கு முன்போ கதவை மூடிவிடுகின்றன.

தேர்வு அறையில் கிடைப்பது

என்னுடைய முதல் வாய்மொழித் தேர்வு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சிறிய அறை, எதிரில் பேராசிரியர், பக்கத்தில் நடப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளும் ஓர் உதவியாளர், என் முன்னே சில வெற்றுத் தாள்களும் ஒரு பேனாவும். முதல் கேள்விக்கான சூத்திரத்தை நம் ஊர்ப் பழக்கத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் தலையாட்டிவிட்டு, அதில் ஒரு குறியைப் பேனாவால் வட்டமிட்டு, "இது எதிர்மறையாக இருந்தால் என்ன நடக்கும்? வரைந்து காட்டுங்கள்" என்றார். ஆறு ஆண்டுகளாக எழுதிவந்த அந்தச் சூத்திரத்தை நான் ஒருமுறைகூட வரைந்து பார்த்ததில்லை. 2.7 கொடுத்தார், நியாயமான மதிப்பெண்தான். அடுத்த செமஸ்டரிலிருந்து என் குறிப்பேட்டில் எழுத்து குறைந்து படம் கூடியது. வெளிநாட்டுப் படிப்பு எனக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால், பட்டச் சான்றிதழுக்கு முன்னால் அந்த வட்டமிட்ட குறிதான் கண்ணில் வந்து நிற்கிறது.

எழுத்துத் தேர்வுகளில் திருத்திய விடைத்தாளை நேரில் பார்வையிட ஒரு நாள் ஒதுக்குவார்கள். மதிப்பெண் வந்தவுடன் சோர்ந்துபோய் அந்த நாளைத் தவறவிடும் மாணவர்களே அதிகம். போய்ப் பார்ப்பவருக்கோ எங்கே சறுக்கினோம் என்பது வரி வரியாகத் தெரியும், கூட்டலில் பிழை இருந்தால் கேட்டுத் திருத்திக்கொள்ளவும் முடியும். இங்கே அரியர் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கத்தோடு போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான தேர்வு விதிகள் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள் மட்டுமே தருகின்றன, கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பையே இழக்க நேரிடும். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்வதும், தயாராக இல்லையென்றால் உரிய நாளுக்குள் விலகிக்கொள்வதும் மாணவரின் பொறுப்பு.

வேலையும் ஆய்வேடும்

2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை பார்க்கலாம். உணவகத்திலும் கிடங்கிலும் செய்யும் வேலை வாடகைக்கு உதவும். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் துறை சார்ந்த நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு உட்பட்டுச் செய்யும் வெர்க்ஸ்டூடென்ட் வேலையும், பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் செய்யும் ஹிவி வேலையும் பணத்தோடு அறிமுகத்தையும் தருகின்றன. முதல் செமஸ்டரில் கிடங்கு, மூன்றாம் செமஸ்டருக்குள் ஆய்வகம் என்று ஒரு வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

120 கிரெடிட் கொண்ட முதுகலையில் ஆய்வேட்டுக்கு மட்டும் பெரும்பாலும் 30 கிரெடிட் ஒதுக்குகிறார்கள்; அதாவது 900 மணி நேரம், ஏறக்குறைய ஆறு மாதம். இதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழிகாட்டி இருக்க, ஒரு நிறுவனத்துக்குள் உட்கார்ந்தே செய்ய முடியும் என்பது ஜெர்மன் கல்வியின் தனிச்சிறப்பு. அங்கே தங்காமல் ஊருக்குத் திரும்ப நினைப்பவருக்கும் இந்த ஆறு மாதம் பயன்படும்: செங்கல்பட்டு அருகே பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையும், ஒரகடத்தில் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், கோயம்புத்தூரில் பாஷ் நிறுவனத்தின் பொறியியல் மையமும் இருக்கும் மாநிலத்தில், ஜெர்மன் நிறுவனம் ஒன்று உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிட்டு வந்தவருக்குப் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

மொழியைத் தள்ளிப்போடாதீர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. பலரும் கோட்டைவிடுவதும் இங்கேதான். ஆங்கிலவழிப் படிப்பில் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணோடு சேர்ந்துவிடலாம். ஆனால் மென்பொருள் துறையின் சில மூலைகளைத் தவிர, வேலை விளம்பரங்கள் ஜெர்மன் மொழியில் பி1 அல்லது பி2 என்ற இடைநிலைத் தகுதியைக் கேட்கின்றன (தொடக்கம் ஏ1, அடுத்து ஏ2, பி1, பி2 என்று படிகள் ஏறும்). போனபின் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர், வாரத்துக்கு ஐந்து பாடங்கள், இருபது மணி நேர வேலை, சமையல், துணி துவைத்தல் இவற்றுக்கு நடுவே அதற்கு நேரமே இல்லாததைக் கண்டுகொள்கிறார். போதாததற்கு, அறையிலும் மென்சா என்ற பல்கலைக்கழக உணவகத்திலும் நம் ஊர் நண்பர்களோடு தமிழிலேயே பேசிப் பொழுது கழிந்துவிடுகிறது. இங்கேயே ஐந்தாம் செமஸ்டரில் ஏ1 தொடங்கினால், பட்டம் வாங்கும்போது பி1 வரை எட்டிவிட முடியும். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோத்தே நிறுவனம் வகுப்பும் தேர்வும் இரண்டையும் நடத்துகிறது. நானே இதை ஏ2வோடு நிறுத்திவிட்டுப் போய், மூன்றாம் செமஸ்டர் விடுமுறை முழுவதையும் பி1 வகுப்புக்குக் கொடுத்தவன்.

பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி உண்டு. கேட்க நீண்ட காலம்போல் தோன்றும்; மொழி தெரியாதவருக்கு அதில் ஓர் ஆண்டு வகுப்பிலேயே கரைந்துவிடும். தகுதிக்குரிய வேலை கிடைத்து, ஓய்வூதியப் பங்களிப்போடு இரண்டு ஆண்டு பணியாற்றினால், ஜெர்மன் பட்டதாரிகளுக்கு நிரந்தரத் தங்கும் உரிமை கேட்கும் வழி திறக்கிறது. அங்கும் மொழிச் சான்று கேட்கப்படும்.

இப்போது ஐந்தாம் செமஸ்டரில் இருப்பவர் இந்த மாதத்திலேயே செய்யக்கூடியவை அதிகமில்லை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 வகுப்பில் சேரலாம், பிடித்த துறையில் இரண்டு பாடக் கையேடுகளைத் தரவிறக்கிப் படிக்கலாம், குறைந்தபட்சத் தேர்ச்சி பற்றிய கடிதத்துக்குத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கடிதத்துக்குப் போகும் அன்றே, இதுவரை முடித்த செமஸ்டர்களின் பாடத்திட்ட நகல்களையும் எடுத்துச் சென்று முத்திரை வாங்கிக்கொண்டால், இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது.