அரசு வேலைக்கு விளம்பரம் எழுதும்போது

"தகுதியுள்ளோரிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன" என்று தொடங்காதீர்கள். படிப்பவர் தேடுவது அந்த வரியை அல்ல. "இளநிலை உதவியாளர்: கோப்புகளைப் பதிவு செய்வது, மக்கள் தரும் மனுக்களுக்குப் பதில் தயாரிப்பது" என்று வேலையை முதலில் சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே சம்பளம், பணியிடம், நிரந்தரமா ஒப்பந்தமா என்பதெல்லாம் வந்துவிட வேண்டும்.

அப்புறம் தகுதி. கட்டாயம் வேண்டியது எது, இருந்தால் நல்லது எது என்று பிரித்து எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால், நன்றாக வேலை செய்யக்கூடியவர்கள்கூடத் தயங்கி விண்ணப்பிக்காமலே போய்விடலாம். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். வயது வரம்பு இருந்தால், எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுவீர்கள் என்பதையும் போடுங்கள். கடைசி நாளோடு நேரமும் வேண்டும்: "மாலை 5 மணி வரை". விதி எண்கள் அடியில் இருந்தால் போதும்.