கண்ணை மூடிக்கொண்டு தொடங்குங்கள்: இயற்கைக் கவிதைக்கு ஐம்புலன் சொற்பட்டியல்

இயற்கையைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் முதலில் ஓடி வருபவை தென்றல், நிலவு, பனித்துளி, பட்டாம்பூச்சி. இவற்றை எழுத வாசற்படி தாண்ட வேண்டியதில்லை, சிக்கலே அதுதான். இந்தத் தேய்ந்த சொற்கள் வந்து உட்காருவதற்கு முன்பே, ஓர் இடத்துக்கு மட்டும் உரிய சொற்களைப் பொறுக்கிச் சேர்த்துவைக்கத்தான் ஐம்புலன் சொற்பட்டியல். கவிதை அப்புறம்.

ஒரு நோட்டு, பென்சில் (தூறல் விழுந்தால் பேனா மை கரையும்), 25 நிமிடம். இடம் சிறியதாக இருக்கட்டும். ‘மலை’, ‘கடல்’ என்று எடுத்தால் பட்டியல் பொதுவாகிவிடும். ஒரு வேப்பமரத்தடி போதும். மாடித் தண்ணீர்த் தொட்டியின் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றுகூடப் போதும். இங்கே எடுத்துக்காட்டுக்கு, பங்குனியில் முக்கால்வாசி வற்றிப்போன ஒரு கண்மாயை வைத்துக்கொள்வோம்.

தாளின் தலைப்பில் இடத்தையும் பொழுதையும் எழுதுங்கள்: “கலுங்கு மேல், பங்குனி, மாலை 5.40.” (கண்மாய் நிறைந்தால் மிகுநீர் வழிந்து போகும் கல்கட்டுதான் கலுங்கு.) நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள மரமும் பறவையும் உணவும் தொழிலும் கருப்பொருள், மனத்தில் நடப்பது உரிப்பொருள் என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறது. பட்டியலில் முதல் இரண்டுக்கு மட்டுமே இடம். சோகம், அமைதி, ஏக்கம் எதுவும் இப்போது தாளில் ஏறக் கூடாது.

அதற்குக் கீழே புலனுக்கு ஒன்றாக ஐந்து பத்திகள். அவற்றின் வரிசையையும் அதே நூலின் மரபியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை அடுக்கும்போது அது தொடுகை, சுவை, மணம், காட்சி, ஒலி என்று போகிறது. தொடுகை முதலில், கண் நான்காவது. எழுதுபவருக்கு இது கைகண்ட வரிசை. கண்ணை முதலில் விட்டால் அது எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லி முடித்துவிடும். மற்றப் புலன்களுக்கு வேலை இருக்காது. ஆகவே முதல் ஐந்து நிமிடம் எதையும் எழுதாமல் கண்ணை மூடி உட்காருங்கள்.

எண்ணிக்கை: தொடுகை 8, சுவை 3, மணம் 6, காட்சி 8, ஒலி 10. ஆக 35. முதல் நாலைந்து எல்லோருக்கும் வருபவை. ஆறாவதுக்கு மேல்தான் சரக்கு வரும், அதனால் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

தொடுகையில் சூடு, ஈரம், எடை, உறுத்தல் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கலுங்குக் கல்லில் பகல் சூடு, கணுக்காலில் நாயுருவி, செருப்புக்கு அடியில் நொறுங்கும் காய்ந்த சேறு. சொரசொரப்பு, வழவழப்பு, பிசுபிசுப்பு, நசநசப்பு, வெதுவெதுப்பு, சில்லிப்பு என்று தோலுக்குத் தமிழில் சொல் தாராளம்.

சுவைக்கு மூன்றே போதும். உதட்டு வியர்வையின் உப்பு, கொடுக்காப்புளியின் துவர்ப்பு. தெரியாத இலையையோ காயையோ கவிதைக்காக வாயில் வைக்காதீர்கள்; அரளி, ஊமத்தை, குன்றிமணி மூன்றும் நஞ்சு.

மணத்தில்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள். ‘நல்ல மணம்’, ‘கெட்ட நாற்றம்’ என்று இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டில் புழங்கும் சொற்களை யோசித்துப் பாருங்கள். மீனுக்கும் பச்சை முட்டைக்கும் கவிச்சி. மூக்கில் ஏறும் மிளகாய்ப் புகைக்கு நெடி. ஈரத்துணி காயாமல் கிடந்தால் முடைநாற்றம். அடைத்துவைத்த பழைய பெட்டியைத் திறந்தால் மக்கல் வாடை. வற்றும் கண்மாயில் இருப்பது கவிச்சி, அதற்குக் கீழே பாசி வாடை. இந்த இரண்டையும் பிரித்து எழுத முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. முதல் மழையின் மண்வாசனையை எழுதும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. காய்ந்த மண்ணில் துளி விழும்போது எழும், மண் நன்றாக நனைந்தபின் அடங்கிவிடும். மூன்று நாள் அடைமழைக்குப் பிறகும் கவிதையில் மண்வாசனை வீசினால், எழுதியவர் வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

காட்சியில் நிறத்தைப் பொருளோடு சொல்லுங்கள். புடவைக் கடையில் கேட்கும் பாக்கு நிறம், மயில்கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை, வெந்தய நிறம் எல்லாம் இங்கே உதவும். பறவையின் பெயர் தெரியாவிட்டால் அது செய்வதை எழுதுங்கள்: “கருப்பு. முங்குகிறது. பத்து அடி தள்ளி எழுகிறது.” பெயரைப் பிறகு ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். வட்டாரப் பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒலிக்கு இரட்டைக்கிளவி கைகொடுக்கும். சலசல என்பதிலிருந்து சலசலப்பு, சலசலத்தது, சலசலவென என்று மூன்று பிறக்கும். ஆனால் ஒலி எதிலிருந்து வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். சருகு சரசரக்கும், பறவையின் சிறகு படபடக்கும், தேங்கிய நீர் சலசலக்காது. எட்டு வரிக் கவிதையில் ஒரு இரட்டைக்கிளவிக்கு மேல் போனால் விளம்பரப் பாட்டாகிவிடும். பட்டியலில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பட்டியல் முழுக்க இரண்டு தடை. ஒன்று, ‘போல’ கூடாது. உவமை முந்திக்கொண்டால் பொருளைப் பார்ப்பது நின்றுவிடும். இன்னொன்று, அழகான, இனிமையான, ரம்மியமான என்ற அடைகள் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பொருளும், முடிந்தால் அது செய்யும் ஒரு செயலும்.

காற்றுக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கு வாடை, கிழக்கு கொண்டல், மேற்கு கோடை. கார்த்திகை மழையில் தென்றலை வீசவிடும் கவிதைகள் ஏராளம். திசை தெரியாவிட்டால் ‘காற்று’ என்றே எழுதலாம், தவறில்லை.

நோட்டை மூடி ஒரு இரவு ஆறப்போடுங்கள். மறுநாள் சத்தமாக வாசித்து, எந்த ஊர்க் கண்மாய்க்கும் பொருந்தும் பதிவுகளை அடியுங்கள். பாதிக்கு மேல் போனாலும் பரவாயில்லை. மிஞ்சியதில் ஐந்தாறைச் சுழியுங்கள். குறைந்தது மூன்று புலன்களாவது அவற்றில் இருக்கட்டும். ஒன்றோடொன்று முரணும் இரண்டு அதில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். நம் கண்மாயில் சுழித்தவை இவை:

கலுங்குக் கல்லில் பகல் சூடு
கவிச்சி
பாளம் பாளமாக வெடித்த சேறு
மாட்டுக் குளம்புப் பள்ளத்தில் தண்ணீர்
கெண்டை புரளும் சத்தம்
கொக்கு கழுத்தைத் திருப்புகிறது

இனி வரிக்கு ஒன்றாக வைத்து, வரிசையை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பாருங்கள். ஒரு வரைவு:

சூடு இறங்காத கலுங்குக் கல்.
காற்று திரும்பினால் கவிச்சி.
வெடித்த சேற்றில்
ஒரு குளம்பு ஆழத்துக்குத் தண்ணீர்;
அதற்குள் கெண்டை புரளும் சத்தம்.
கொக்கு
கழுத்தைத் திருப்புகிறது.

ஆறு பதிவுகளில் ‘பாளம் பாளமாக’ உதிர்ந்துவிட்டது. ‘வெடித்த’ என்பதிலேயே அது அடக்கம். ‘காற்று திரும்பினால்’ புதிதாகச் சேர்ந்தது. வெறும் ‘கவிச்சி’ என்று நின்றால் வரி அசையவில்லை, ஒரு வினை தேவைப்பட்டது. சத்தத்தைக் கொக்குக்கு முன்னால் வைத்ததால்தான் அது எதற்காகத் திரும்புகிறது என்பது தெரிகிறது. இரண்டையும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள், கவிதை செத்துவிடும். இந்த இடத்தில் “பாவம் அந்த மீன்” என்று ஒரு வரி கை தானாக எழுதும். எழுதிவிட்டு அடியுங்கள். உரிப்பொருள் வாசகர் பங்கு.

வரைவு வெறும் சாமான் கணக்காகப் படிக்கிறதா? வினைகளை எண்ணுங்கள். எல்லா வரியும் ‘இருக்கிறது’, ‘கிடக்கிறது’ என்று முடிந்தால் அசைகிற பதிவு ஒன்றைப் பட்டியலிலிருந்து கொண்டுவாருங்கள். வரிகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்தாலும் இதே தொல்லை வரும்.

பள்ளிப் பிள்ளைகளோடு செய்தால் துணிப்பையில் கூழாங்கல், புளியம்பட்டை, காய்ந்த பனங்கொட்டை, ஈரக் களிமண் உருண்டை போட்டு, பார்க்காமல் கைவிட்டுச் சொல் கேளுங்கள். பொருளின் பெயரைச் சொன்னால் கணக்கில்லை, தொட்டால் எப்படி இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்புக்குப் பத்து நிமிடம் தாங்கும்.

பயன்படுத்தாத பதிவுகளைத் தேதியோடு விட்டுவையுங்கள். ஐப்பசியில் கண்மாய் நிறைந்ததும் அதே கலுங்கில் உட்கார்ந்து இன்னொரு பட்டியல் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்தக் குளம்புப் பள்ளம் இப்போது எத்தனை முழத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்பதிலிருந்து அடுத்ததைத் தொடங்கலாம்.