மீன் தொட்டிக்கு வீட்டிலேயே மூடி

மூடி என்றதும் பலரும் அக்ரிலிக் ஷீட்டை வாங்கி, தொட்டியின் வெளி அளவுக்கு வெட்டி, மேலே வைத்துவிடுகிறார்கள். இதில் இரண்டு தவறுகள் உண்டு. அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சும். அடிப்பக்கம் மட்டும் எப்போதும் நனைந்திருப்பதால் அந்தப் பக்கம் விரியும். சில வாரங்களில் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நடுப்பகுதி தொங்கிவிடும். அடுத்து, மூடி தொட்டியின் விளிம்புக்கு மேல் உட்கார்ந்தால் அதில் படியும் நீர்த்துளிகள் ஓரத்துக்கு நகர்ந்து வெளிக் கண்ணாடி வழியாக வழியும். ஸ்டாண்டு ஊறிப்போவது பெரும்பாலும் இதனால்தான், தொட்டி ஒழுகுவதால் அல்ல. எனவே மூடி விளிம்புக்கு உள்ளே இறங்கி உட்கார வேண்டும்.

கண்ணாடி வளையாது, ஆனால் கனம். 60 × 30 செ.மீ. தொட்டிக்கு 4 மி.மீ. கண்ணாடி மூடி ஏறத்தாழ 1.7 கிலோ வரும். தினமும் தூக்கித் தீனி போட வேண்டிய பொருளுக்கு இது அதிகம். நடுவில் குழல் குழலாக இருக்கும் 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். பேப்பர் கட்டரால் வெட்டலாம், கீலும் அதிலேயே வந்துவிடும்.

தொட்டியின் உள் அளவை மூன்று இடங்களில் அளந்து, கிடைப்பதில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிகள் அவ்வளவு சதுரமாக இருப்பதில்லை. 5 மி.மீ. கண்ணாடியில் செய்த 60 × 30 தொட்டியின் உள்ளளவு 590 × 290 மி.மீ. நீளத்திலும் அகலத்திலும் மொத்தம் 4 மி.மீ. குறைத்து 586 × 286 ஆக வெட்ட வேண்டும். இந்த இடைவெளி வீண் அல்ல. வெப்பம் 20 டிகிரி கூடினால் இந்த நீளத்துக்கு ஷீட் முக்கால் மி.மீ. விரியும்; இறுக்கமாக வெட்டினால் மாட்டிக்கொள்ளும். குழல்கள் இடமிருந்து வலமாக, நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நடுவில் தொய்ந்துவிடும். புற ஊதாக் காப்புள்ள பக்கத்தின் பாதுகாப்புத் தாளில் குறி இருக்கும். அதை மேல்நோக்கி வையுங்கள்.

கீல் செய்வதுதான் இதில் ரசமான வேலை. முன் ஓரத்திலிருந்து சுமார் 190 மி.மீ. தள்ளி, ஒரு குழலின் நடுவில் அடித்தோலை மட்டும் நீளவாட்டில் கீறுங்கள். மேல்தோலைத் தொடக்கூடாது. முன்பாதியைத் தூக்கினால் மேல்தோல் கீலாக மடங்கி, பின்பாதியின் மேல் படுத்துக்கொள்ளும். தலைகீழாக மேல்தோலைக் கீறிவிட்டால் குழல்களின் சுவர்கள் முட்டிக்கொண்டு மூடி முழுதாகத் திறக்காது. கைப்பிடிக்கு முன் ஓரத்தில் இரண்டு துளை போட்டு ஏர் பம்ப் ட்யூபில் 8 செ.மீ. துண்டைக் கோத்துவிட்டால் போதும். இரும்புத் திருகு வேண்டாம், துருப்பிடிக்கும்.

இரு பக்க ஓரங்களிலும் குழல்களின் வாய் திறந்திருக்கும். அப்படியே விட்டால் ஆவி உள்ளே போய்ப் பாசி பிடிக்கும், பிறகு சுத்தம் செய்ய வழியே இல்லை. வெட்டுத்தூளை ஊதித் தள்ளிவிட்டு, குறைந்த சூட்டில் இயங்கும் க்ளூ கன்னால் ஒவ்வொரு வாயையும் அடையுங்கள்.

மூடி உட்கார 40 × 15 மி.மீ. கண்ணாடித் துண்டுகள் ஆறு தேவை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு, பக்கவாட்டில் கீல் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒவ்வொன்று. துண்டின் மேல்முகம் விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே இருக்கட்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகான்தான் பயன்படுத்த வேண்டும். காலித் தொட்டியில், காய்ந்த கண்ணாடியில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு, வினிகர் வாடை போன பிறகே நீர் நிரப்புங்கள். மீன் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி என்றால் சிலிகானைத் தொடாமல் விளிம்பில் மாட்டும் கிளிப்புகளை வாங்கிக்கொள்வது நல்லது. உள் விளிம்பில் ஏற்கெனவே வலுவூட்டும் கண்ணாடிப் பட்டைகள் இருந்தால் இந்த வேலையே மிச்சம்.

ஃபில்டர் குழாய், ஹீட்டர் ஒயர், ஏர் ட்யூப் மூன்றுக்கும் பின் மூலையில் வெட்ட வேண்டும். மீன் வெளியே விழுவது பெரும்பாலும் இந்த ஓட்டை வழியாகத்தான். மீனின் உடல் தடிமனைவிடச் சிறிய இடைவெளி மட்டுமே விடுங்கள். மீதியை ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சீவி அடைத்தால் காற்று போகும், மீன் போகாது. ஆரல், விலாங்கு போன்றவை துள்ளுவது மட்டுமல்ல, ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்தும் நுழைந்து போகும். அவற்றுக்கு இரு மடங்கு கவனம் வேண்டும். ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி ஏறட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

நீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே 3 முதல் 5 செ.மீ. காற்று இருக்க வேண்டும். ஃபைட்டர், கௌராமி போன்றவை மேலே வந்து காற்றைக் குடிப்பவை. மூடிய தொட்டியில் ஆவியாவது குறைவதால் சூடும் தங்கும். நீர் 30 டிகிரியைத் தாண்டும் காலத்தில் மூடியை எடுத்துவிட்டு, அதே அளவுச் சட்டத்தில் 6 மி.மீ. கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையை இழுத்துக் கட்டி வைக்கலாம். குட்டி மீன்களுக்கு இன்னும் நெருக்கமான வலை. கடல்நீர்த் தொட்டிக்கு உலோகச் சட்டம் கூடாது.

அடியில் படியும் வெள்ளை உப்புக்கறை வெளிச்சத்தைக் குறைக்கும். வினிகர் நனைத்த துணியால் துடைத்து நல்ல நீரில் கழுவுங்கள். தின்னர் பட்டால் ஷீட் மங்கி விரிசல் விடும்.