மேலே உறையுது, கீழே பால் திரியுது: டிஃப்ராஸ்ட் சென்சார் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டபுள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் நன்றாக உறைய வைக்கிறது, கீழ்த்தட்டில் வைத்த பால் மட்டும் மறுநாளே திரிந்துபோகிறது என்றால், “கேஸ் போயிடுச்சு, சார்ஜ் பண்ணணும்” என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒரு மெக்கானிக் இருக்கிறார். கேஸ் குறைந்திருந்தால் ஃப்ரீசரும் அல்லவா தடுமாற வேண்டும்? அது ஒழுங்காக இருக்கும்போது சந்தேகம் முதலில் டிஃப்ராஸ்ட், அதாவது உள்ளே படியும் பனியைத் தானாக உருக்கும் ஏற்பாட்டின் பக்கம் போவதுதான் நியாயம்.

இந்த வகை ஃப்ரிட்ஜில் கூலிங் காயில் ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஃபேன் அதன் வழியாகக் காற்றை இழுத்து மேலும் கீழும் தள்ளுகிறது. காற்றில் உள்ள ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதை உருக்கத்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் ஓடுகிறது. காயில் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று போர்டுக்கு, அதாவது ஃப்ரிட்ஜை இயக்கும் சர்க்யூட் பலகைக்குச் சொல்வது டிஃப்ராஸ்ட் சென்சார். பூஜ்யத்தைத் தாண்டிச் சில டிகிரி ஏறிவிட்டது என்று அது சொன்னதும் போர்டு ஹீட்டரை அணைக்கும். சென்சார் தப்பாகச் சொன்னால் பாதிப் பனி அப்படியே நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சுவது சேர்ந்து சேர்ந்து கடைசியில் காற்று போகும் வழியையே அடைத்துவிடும். மேலே குளிர்ச்சி இருக்கும், கீழே வராது.

சிங்கிள் டோர் டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜில் இந்தக் கதையே கிடையாது. அதில் தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் உள்ள பட்டனை நாமே அழுத்திப் பனியை உருக்குகிறோம். அதில் டிஃப்ராஸ்ட் சென்சாரைத் தேடிப் பிரயோஜனமில்லை.

பெரும்பாலோர் செய்யும் பெரிய தவறு, எதையும் பார்ப்பதற்கு முன்பே ஐஸை உருக்கிவிடுவது. “ஒரு நாள் முழுக்க ஆஃப் பண்ணி வைங்க, சரியாயிடும்” என்ற யோசனை உண்மையிலேயே வேலை செய்யும். ஒன்றிரண்டு வாரம் ஃப்ரிட்ஜ் புதுசு போல ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். உருக்கினால் சரியாகி மறுபடி அதே இடத்துக்கு வருகிறது என்றால் டிஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை என்று ஃப்ரிட்ஜே சொல்கிறது. ஆனால் எந்தப் பாகத்தால் என்பதைச் சொல்லும் தடயம் தண்ணீராக ஓடிவிட்டிருக்கும்.

அதனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பலகையைக் கழற்றி, பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. காயில் முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வெள்ளையாக மூடியிருந்தால் கேஸில் குறை இல்லை, ஹீட்டர்தான் ஓடவே இல்லை. அப்போது ஹீட்டர், தெர்மல் ஃப்யூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்து ஹீட்டரை நிறுத்துவது), போர்டு எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கும். அடிப்பக்கம் உருகிச் சுத்தமாக இருக்க, மேல் வரிசைகளில் மட்டும் கெட்டி ஐஸ் நிற்கிறதா? ஹீட்டர் ஓடுகிறது, வேலை முடிவதற்குள் அணைகிறது. சென்சார் மேல் சந்தேகம் வலுப்பது இங்கேதான். முதல் ஓரிரண்டு வரிசையில் மட்டும் பனி, மீதிக் காயில் வெறும் அலுமினியம் என்றால் அந்தக் கேஸ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். தரைப் பக்கம் கண்ணாடி போல ஐஸ் கட்டியிருந்தால் உருகிய தண்ணீர் வெளியேறும் டிரெயின் ஓட்டை அடைத்திருக்கிறது. கதவை ஒட்டிய ஒரு மூலையில் மட்டும் பொசுபொசுவென்று பனி இருந்தால் ரப்பர் கேஸ்கட்டைப் பாருங்கள், சென்சாரை விடுங்கள்.

பார்த்த பிறகு உருக்கும்போது கத்தி, ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். காயில் மெல்லிய அலுமினியம். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் உள்ளே இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பிடிக்கும் வாயு. வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவை மூடினால் போதும், பொறுமையாக உருகும்.

அடுத்த குழப்பம், பைமெட்டலையும் சென்சாரையும் ஒன்றாக நினைப்பது. டைமர் வைத்த பழைய மாடல்களில் இருப்பது பைமெட்டல், சூட்டுக்கு ஏற்ப இயங்கும் ஒரு சின்ன சுவிட்ச். ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டமாகக் காயிலில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும். குளிரில் இணையும், சூட்டில் பிரியும். அதைக் கழற்றி மேஜையில் வைத்து மீட்டரில் பார்த்துவிட்டு, கன்டினியூட்டி (மின் தொடர்பு) இல்லை, போய்விட்டது என்று தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. அறைச் சூட்டில் அது பிரிந்துதான் இருக்க வேண்டும்! மைனஸில் சில டிகிரி போனால்தான் இணையும், வெறும் ஐஸ் தண்ணீர் போதாது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸோடு நிறைய உப்பு கலந்து அதில் கொஞ்ச நேரம் புதைத்து வைத்து அளந்து பாருங்கள்.

போர்டு வைத்த புதிய மாடல்களில் இருப்பது என்டிசி தெர்மிஸ்டர், சின்னக் கேப்சூல் போல இருக்கும். குளிரக் குளிர இதன் ஓம், அதாவது மின்தடை, ஏறும். இதில் தலைகீழ்த் தவறு நடக்கிறது: அறைச் சூட்டில் மட்டும் அளந்துவிட்டு “சென்சார் ஓகே” என்று முடித்துவிடுவது. கெடத் தொடங்கும் சென்சார் 25 டிகிரியில் பெரும்பாலும் ஒழுங்காகவே காட்டும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் தடுமாறும். நொறுக்கிய ஐஸை டம்ளரில் நிறைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது பூஜ்ய டிகிரி. தண்ணீர் ஊற்றாத வெறும் ஐஸ் ஃப்ரீசரின் குளிரிலேயே இருக்கும், அளவு தப்பாக வரும். கேப்சூலை மட்டும் அமிழ்த்தி ஐந்து நிமிடம் விடுங்கள், வயர் முனையில் உள்ள கப்ளர் (இணைப்பான்) நனையக் கூடாது. 25 டிகிரியில் 5 கிலோ ஓம் உள்ள சென்சார் இங்கே சுமார் 13 முதல் 16 வரை காட்டும். 10 கிலோ ஓம் வகை சுமார் 27 முதல் 33 வரை. சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் அட்டவணையில்தான் இருக்கும்.

எண்ணை விட முக்கியம் அது நிலையாக நிற்கிறதா என்பது. 15 வர வேண்டிய இடத்தில் 11, 9, 12 என்று அலைந்தால் கேப்சூலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வயர் உள்ளே நுழையும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரியலாம். அதன் வழியாக ஈரம் புகுந்தால் ஓம் குறையும். காயில் உள்ளதை விடச் சூடாகிவிட்டது என்று போர்டு ஏமாந்து, ஹீட்டரைச் சீக்கிரமே அணைத்துவிடும்.

அளக்கும்போது கப்ளரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இணைத்தபடியே அளந்தால் போர்டில் உள்ள ரெசிஸ்டரும் சேர்ந்து தப்பான எண் வரும். ஈரக் கையால் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு அளந்தாலும் அதே கதைதான்.

டிஸ்ப்ளேயில் எரர் கோடு வரவில்லை, அதனால் சென்சார் நல்லது என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் போர்டு பொதுவாகக் கோடு காட்டும். கொஞ்சம் விலகிச் சொல்லும் சென்சாரை அது நம்பிக்கொண்டே இருக்கும்.

“வோல்டேஜ் ஏறி இறங்கிப் போர்டு போயிடுச்சு” என்பது அதிகச் செலவு வைக்கும் தவறு. சென்சார் சில நூறு ரூபாயில் முடியும், போர்டு ஆயிரக்கணக்கில் போகும். காசு கொடுக்கும் முன் ஹீட்டரையாவது அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 150 வாட் ஹீட்டர் சுமார் 350 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. தெர்மல் ஃப்யூஸ் அறைச் சூட்டிலும் கன்டினியூட்டி காட்ட வேண்டும். அது போயிருந்தால் வயரை நேராக முறுக்கி இணைத்து ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஹீட்டர் அணையாமல் போனால் தடுக்க இருப்பதே அந்த ஃப்யூஸ்தான். சுற்றிலும் பிளாஸ்டிக், உள்ளே எரியும் வாயு. அப்படிச் செய்யச் சொல்கிறவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

புதுச் சென்சார் வாங்கும்போது கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக 5 கிலோ ஓம் இருந்த இடத்தில் 10 போட்டுவிடாதீர்கள். ஃப்ரீசரின் காற்றுச் சென்சாரும் பார்க்க அதே மாதிரி இருக்கும், இடம் மாறிவிடக் கூடாது. பழையது எந்தக் குழாயில் மாட்டியிருந்ததோ அதே இடத்தில், உலோகத்தோடு ஒட்டி மாட்டுங்கள். கைக்கு எட்டுகிறதே என்று கீழே ஹீட்டர் பக்கம் மாட்டினால் புதுச் சென்சாரும் சீக்கிரமே “போதும்” என்றுதான் சொல்லும். வயரை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தால் வெறும் இன்சுலேஷன் டேப் அந்த ஈரத்தில் நிற்காது. சாலிடர் வைத்து, உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும்.

மறுநாள் கீழே குளிர்ச்சி வந்துவிட்டது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐஸ் உருகியிருப்பதால் அது எப்படியும் வரும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பலகையை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மெல்லிய வெண்பனி மட்டும் இருந்தால் சரி. மேல் வரிசையில் பழையபடி கெட்டி ஐஸ் நின்றால், போர்டுக்குப் போகும் முன் கிளிப் மாட்டிய இடத்தை மறுபடி பாருங்கள்.