தெப்பக்குளத்தை ஒரு சுற்று

நான்கு மாதம் படுக்கையை விட்டு எழவே மனமில்லை. பல் தேய்ப்பதுகூட மலையாகத் தெரிந்தது. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார். கூடவே தினமும் வேகமாக நடக்கச் சொன்னார்.

முதல் வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். அக்காதான் விடியற்காலையில் வந்து, "பேச வேண்டாம்டா, கூட மட்டும் வா" என்று வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அழைத்துப்போனாள். முதலில் ஒரு சுற்று, அப்புறம் இரண்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் கணக்கு. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம்.

மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 156 பேரை வைத்துச் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை முதலில் வேகமாக வேலை செய்தது. 16 வாரத்தில் உடற்பயிற்சியும் அதற்குச் சமமாக வந்துவிட்டது.

எனக்கு முதலில் தூக்கம் திரும்பியது. மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, டாக்டர்தான் பிறகு குறைத்தார். ஆறாவது வாரம், மைய மண்டபத்தின் மேல் வெயில் விழுகிற நேரம், பசித்தது. நிஜமான பசி. சொன்னதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரோட்டோரக் கடையில் நின்று ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டோம்.